இரண்டாவது பயணியின் பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

எனக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம், உன் அண்ணன் உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பான் என்பதுதான். "அப்பா போனதுக்கப்புறம் அம்மா ஒரு மாதிரி ஆயிட்டாங்க, கப்பல்ல ராஜா மாதிரி ரூம் கேக்குறாங்க" என்று அவன் தன் மாமனாரிடம் தொலைபேசியில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அடுத்த அறையில்தான் இருந்தேன். எழுபத்து நான்கு வயதில் முழங்கால் போய்விட்டது, காது போகவில்லை. கீழ்வீட்டு அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், நான் வீட்டை விற்றுவிட்டுக் கப்பலிலேயே குடியேறப் போவதாக மாடிப்படியில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு விளக்கம் சொல்ல எனக்கு அவசியமில்லை. உனக்குச் சொல்ல வேண்டும்.

உள்ளது இதுதான். நான் எந்த அறையையும் கேட்கவில்லை. கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. இப்போது அப்பா பெயரிலும் என் பெயரிலும் இருக்கும் சின்ன அறைக்குப் பதிலாக, மேல்தொகை கட்டினால் 'சூட்' என்று அவர்கள் சொல்லும் பெரிய அறையைத் தருவார்களாம். ராஜா அறையெல்லாம் இல்லை. வரைபடத்தில் அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தேன். நம் கூடத்தையும் உன் அறையையும் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அதை வாங்குவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த முடிவு என் கையில் மட்டும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ நலமாக இருக்கிறாய் என்பதை அண்ணன் வழியாகத்தான் அறிகிறேன். சுரங்கப் பாதையில் உங்கள் பக்கத்து வேலை பாதியைத் தாண்டிவிட்டது என்றான். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, பத்து ஆண்களுக்கு நடுவே நீ கையை நீட்டி எதையோ காட்டுகிற படத்தைக் காண்பித்தான். தொப்பியின் வார் உன் கன்னத்தில் பதிந்திருக்கிறது. ஒரு துளை தளர்த்திப் போடக் கூடாதா? நீ இளைத்துமிருக்கிறாய். படம் எடுத்த கோணம் என்று அண்ணன் சொன்னான். எனக்குக் கோணம் தெரியாது, என் பிள்ளையின் முகம் தெரியும்.

இங்கே நான் நலம். ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் மூன்று முறை வந்தான். மூன்று முறையும் "இது பழைய மாடல் மேடம்" என்று சொல்லி, குழாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். உன் அப்பா இருந்திருந்தால் ஒரு வாஷரோடு முடிந்திருக்கும்.

கப்பலுக்கு வருகிறேன். அப்பா அந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தது உனக்குத் தெரியும். என்ன அறை எடுத்தார் என்பது தெரிந்திருக்காது. முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக மேலும் கீழும் போய்வந்தாயிற்று, இனி பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ரசீதோடு வந்து நின்றார். மூன்றாம் தளம், உள்பக்க அறை, ஜன்னல் கிடையாது. கடலுக்குப் போய் அலமாரிக்குள் படுத்துக்கொள்வதா என்று நான் சத்தம் போட்டேன். "ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு துட்டா? வெளிய வந்து நின்னா கடல் மொத்தமும் ஓசி" என்றார். பிறகு, "நான் லிஃப்ட் குழியிலயே பாதி ஆயுசைக் கழிச்சவன். இருட்டுல எனக்கு நல்லாத் தூக்கம் வரும். உனக்குப் பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோ" என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளைத் திருப்பித் தருவார்கள் என்றால் அதற்கு எவ்வளவு மேல்தொகை கேட்டாலும் கட்டிவிடுவேன்.

அவர் போன பிறகு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி அவர் பெயரை எடுக்க வேண்டியிருந்தது. வங்கி, ஓய்வூதியம், மின்சாரம், சமையல் வாயு, நூலகம். உன் அண்ணன் வருகிறேன் என்றான், நான்தான் விடவில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று அந்த ஒரு வாக்கியத்தை நானே சொன்னேன். நூலகத்தில் இருந்த பெண் அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையால் அவர் பெயரை அடித்தாள். கோடு கோணலாகப் போய்விட்டதென்று அதன் மேலேயே இன்னொரு முறை அடித்தாள். வேலையில் ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

கப்பல் கம்பெனிக்கு மட்டும் நான் தெரிவிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உன் அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறான். மறக்கவில்லை. மாதம் ஒரு தபால் வரும். பயணத்துக்கு இன்னும் நூற்றிருபது நாள், இன்னும் தொண்ணூறு நாள், இருவரும் தயாரா என்று கேட்டிருப்பார்கள். உறையின் மேல் எங்கள் இருவர் பெயரும் இருக்கும். உலகத்தில் ஓர் இடத்திலாவது அவர் இன்னும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பொய் சொன்ன பிள்ளையை நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து நிற்க வைக்கிற கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். இது பொய்யா என்று யோசிக்காமல் இல்லை. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, ஆகவே பொய் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

சென்ற மாதக் கடைசியில் இந்தப் படிவம் வந்தது. அடியில் இரண்டு கோடுகள். ஒன்றின் கீழ் முதல் பயணி, மற்றதன் கீழ் இரண்டாவது பயணி. இருவரும் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேண்டாம் என்று கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அறையின் படத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொரு யோசனை வந்தது. அதைப் பின்னால் எழுதுகிறேன். விவரம் கேட்கலாம் என்று பயண அலுவலகத்துக்குப் போனேன்.

மருந்துக் கடைக்கு மேலே, இரண்டு மாடி ஏற வேண்டும். மேஜைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். என்னை "வாங்க ஆன்ட்டி" என்றாள். நான் உனக்கு ஆன்ட்டி இல்லை, அம்மா என்றோ மேடம் என்றோ கூப்பிட்டால் போதும் என்றேன். "ஓகே ஆன்ட்டி" என்றாள். கெட்ட பெண் இல்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினாள். இரண்டு அறை, நடுவில் கதவு, கடலைப் பார்த்த பால்கனி, குளியல் தொட்டி. "அங்கிள் ஜாலியா காலை நீட்டிப் படுத்துக்கலாம் ஆன்ட்டி" என்றாள். அவர் உயரம், அதில் நீட்ட முடியாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அப்ப அங்கிள் சைன் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாள். சரி, வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். இரண்டு மாடி இறங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, அதைச் சாப்பாட்டு மேஜையில் அவர் உட்காருகிற பக்கம் விரித்து வைத்தேன். பக்கத்தில் பேனாவையும் வைத்தேன். அதன் பிறகுதான் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தேன்.

வாங்கி வருகிறேன் என்று சொன்னபோது என் குரலில் ஒரு சிறு பிசிறு இல்லை. அந்தக் குரலைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: குரலில் எதுவும் தெரியக் கூடாது. ஒருவன் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்ல லைன் கேட்பான். அடுத்தவள் தாய் இறந்ததைச் சொல்லக் கேட்பாள். இருவருக்கும் ஒரே மாதிரி, லைனில் இருங்கள், இணைக்கிறேன். பின்னால் சூப்பர்வைசர் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். குரல் தழுதழுத்தவளை எழுப்பிக் கோப்பு அடுக்க அனுப்பிவிடுவார்கள். நான் ஒருநாள் கூட அனுப்பப்படவில்லை. அதில் எனக்குப் பெருமை. நம் வீட்டில் முக்கியமானதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது, எழுத்தில்தான் தர வேண்டும் என்று நான் சட்டம் வைத்தது அதனால்தான். என் குரலை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஏன் நம்பக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கடைசி வாரத்தை இப்போது வரிசையாக எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டாய். "நான் கிளம்பி வரட்டுமாம்மா?" என்று கேட்டாய். தேவைப்பட்டால் எழுதுகிறேன் என்றேன். புதன்கிழமை காலை டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கம்மா" என்றார். உன் அண்ணன் உடனே, "தங்கச்சிக்கு நான் போன் பண்றேன்" என்று எழுந்தான். வேண்டாம், அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று தடுத்தேன். அதனால் அவன் மேல் உனக்குக் கோபம் இருந்தால் விட்டுவிடு. அவன் என் சொல்லைக் கேட்டான், அவ்வளவுதான்.

அன்று மதியம் உன்னைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாய். உன் பின்னால் பாறையைத் துளைக்கிற சத்தம். "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்று சத்தம் போட்டுக் கேட்டாய். வா என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். நிதானமாக இருக்கிறார் என்று சொல்கிற குரல் என் காதில் விழுந்தது. "அப்பாடா" என்றாய். "அப்ப சரிம்மா, சனிக்கிழமை பேசுறேன்" என்றாய். வைத்துவிட்டாய். நானும் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். ஒன்பது வரி. ஏழாவது வரியில் மை பரவிவிட்டது. மை சிந்திய தாளை யாருக்கும் அனுப்பக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பழகிய கை, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவது தாளை எடுத்தது. எழுதி முடித்துக் கூரியர் கடைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அன்றைய வண்டி போய்விட்டது. காலை முதல் வண்டியில் போய்விடும் மேடம் என்றான். அப்போதாவது உன்னை மறுபடி கூப்பிட்டிருக்கலாம். கைப்பையில் போன் இருந்தது. எழுதியாயிற்றே என்று எனக்கு ஒரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அப்பா போனார்.

நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று, "போன்ல சொல்லியிருக்கலாமேம்மா" என்று கேட்டாய். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் உனக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? எழுதியிருக்கிறேன் என்றேன். நீ திரும்பிப் போனபோது அந்தக் கடிதம் உன் கதவுக்கடியில் கிடந்திருக்கும். அப்பாவின் நிலை மோசமாக இருக்கிறது, இன்றே புறப்படு என்று. நல்ல கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். "அம்மா லெட்டர் கிடைச்சுது" என்று நீ அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாய். அதற்குப் பிறகு எனக்கு உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. ஏன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இது உன் அண்ணனுக்கும் தெரியாது. அவர் உன்னை எப்போதும் 'சூப்பர்வைசர்' என்றுதான் சொல்வார். நான்கு வயதில் அவருடைய கருவிப் பெட்டி பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, அது சரியில்லை, இது சரியில்லை என்று சொல்வாயாம். நான் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசரிடம் படுகிற பாட்டை வீட்டில் அவர் உன்னிடம் படுவதாகச் சொல்லிச் சிரிப்பார். வியாழக்கிழமை மூக்கிலிருந்த மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, "சூப்பர்வைசர் எப்ப வர்றா?" என்று கேட்டார். கிளம்பிவிட்டாள், வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அதே குரல். அவரும் நம்பினார். வெள்ளிக்கிழமை காலை நர்ஸிடம் சொல்லிக் கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மேலே உள்ளதோடு நேற்று நிறுத்திவிட்டேன். இன்று காலை காபி குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். படித்துப் பார்த்தேன். ஐந்து இடத்தில் அடித்திருக்கிறேன். பொறுத்துக்கொள்.

படிவத்தை மேஜையில் விரித்து வைத்த மறுநாள், பயண அலுவலகத்துக்குத் திரும்பவும் அந்த இரண்டு மாடி ஏறினேன். கையெழுத்து வாங்க முடியாது என்றேன். அங்கிள் வெளியூரா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ சாரி ஆன்ட்டி, நான் வேற தொட்டி அது இதுன்னு..." என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான்தான் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, குடி, நிமிர்ந்து உட்கார் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு விதிமுறையைப் படித்துச் சொன்னாள். இரண்டாவது பயணியின் பெயரை ஒரே ஒரு முறை மாற்றலாம். இம்மாதம் இருபதாம் தேதிக்குள் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடம் காலிதான். "யாராவது வருவாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். உன்னைத்தான் விசாரிக்கிறேன்.

உன் அண்ணன் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு அவனோடு வந்து இருக்கச் சொல்கிறான். இல்லாவிட்டால் தானே கப்பலுக்கு வருகிறேன் என்றான். உன் அண்ணி நல்லவள். "தாராளமா கூட்டிட்டுப் போங்க, நான் பிள்ளைங்களைப் பாத்துக்கிறேன்" என்று சொன்னாள். சொல்லும்போது கையிலிருந்த கரண்டி மட்டும் பாத்திரத்தில் கொஞ்சம் பலமாக விழுந்தது. அவன் வந்தால் ஏழு நாளும் நான் மாத்திரை போட்டேனா, படி பார்த்து இறங்கினேனா என்று என் பின்னாலேயே சுற்றுவான். அன்பு என்று தெரியும். எனக்கு அதற்குத் தெம்பில்லை.

உன் பெயரை அந்தக் கோட்டில் எழுதிப் பார்க்கலாமா என்று தோன்றியதுமே, அப்பா எடுத்த சின்ன அறையை மறுபடி காட்டச் சொன்னேன். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் இடம். ஒருவர் குளியலறைக் கதவைத் திறந்தால் மற்றவர் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். நீயும் நானும் இருக்கிற இருப்பில், ஜன்னல் இல்லாத அந்தப் பெட்டிக்குள் ஏழு இரவு. மூன்றாம் நாள் நம்மில் ஒருவர் கடலில் குதித்துவிடுவார். எனக்கு நீச்சல் தெரியாது. அதனால்தான் பெரிய அறை. கீழ்வீட்டு அம்மாள் நினைப்பது போலக் குளியல் தொட்டிக்காக இல்லை.

நடுவில் இருக்கிற கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, எந்தப் பக்கம் என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதே இல்ல ஆன்ட்டி" என்றாள். கேட்டுச் சொல் என்றேன். கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தாள். தாழ்ப்பாள் உண்டு. படுக்கையறையின் உள்பக்கம்.

உனக்குப் பதினாறு வயதில் உன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னவள் நான். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உன் அப்பா திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "லிஃப்ட்ல மாட்டிக்கிறவனுக்கே உள்ள ஒரு பட்டன் வெச்சிருக்கோம். பிள்ளைக்கு ஒரு தாழ்ப்பாள் கூடாதா?" என்றார். நான் கழற்றுங்கள் என்றேன். கழற்றினார். திருகு இருந்த ஓட்டைகளை அடைத்துச் சாயம் பூசினார். சாயம் ஒட்டாமல் அந்த நான்கு புள்ளியும் இன்றும் தனியாகத் தெரிகின்றன. நீ அதற்குப் பிறகு கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டாய். அதை என் வெற்றி என்று அப்போது நினைத்தேன்.

கப்பலில் படுக்கையறை உனக்கு. நான் வெளியறையில் சோபாவை விரித்துப் படுத்துக்கொள்வேன். நீயாகத் திறக்கும்போது திறந்தால் போதும், நான் தட்ட மாட்டேன். சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்கார வேண்டும் என்று கூட இல்லை. நீ என்னைக் கேட்க நினைப்பதைக் கேட்கலாம். கேட்காமலும் இருக்கலாம். இரண்டுக்கும் இடமுள்ள அறையாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

ஆனால் அவர் எடுத்த அறையை விடுவது எனக்கு அவ்வளவு எளிதாக இல்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த இருட்டு அறையில் படுத்தால் பக்கத்துக் கட்டில் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்று ஓர் எண்ணம். கையை நீட்டினால் தெரிந்துவிடும், அதுவும் தெரிந்தே இருக்கிறது. பெரிய அறைக்கு மாறினால் அவர் பெயரை எடுத்தாக வேண்டும். எடுக்கிறேன். உன் பெயரை எழுதுவதற்காக என்றால் எடுக்கிறேன். வேறு யார் பெயருக்காகவும் எடுக்க மாட்டேன்.

ஆகவே நீ வருவதானால் பெரிய அறைக்குப் பணம் கட்டிவிடுவேன். வராவிட்டால் அவர் எடுத்த அறையிலேயே தனியாகப் போய்வருவேன். அப்போதும் அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது, நான் சொல்லியாயிற்றே. அந்தப் பெண் என்னைப் படியிறக்கிவிட வந்தபோது, இருபதாம் தேதி வரைக்கும் பெயரைத் தொடாமல் வைத்திருக்கிறேன் என்றாள். அவளை நான் அப்படிக் கேட்கவில்லை.

பயணம் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. துறைமுகத்துக்கு நீ உன் இடத்திலிருந்தே நேராக வந்துவிடலாம், இங்கே வீட்டுக்கு வர வேண்டியதில்லை. இந்த வீட்டுக் கதவைப் பார்ப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கலாம் என்று யோசித்துத்தான் சொல்கிறேன். உன் விடுப்பைப் பற்றி அண்ணனிடம் சாடையாக விசாரித்தேன். வருடத்துக்குப் பதினைந்து நாள் மிச்சம் வைத்து வீணாக்குகிறாயாம். இது யாரிடமிருந்து வந்த பழக்கம் என்று நான் கேட்கப் போவதில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று பள்ளியில் நூறு முறை எழுதச் சொல்வார்கள். எழுபதுக்கு மேல் அது வெறும் சுழிகளாகிவிடும், கைவலிதான் மிஞ்சும். அதனால் இங்கே ஒரே ஒரு முறை எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டாலும் நீ கப்பலுக்கு வரலாம். ஒன்றுக்கு ஒன்று நிபந்தனை இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. சுரங்கத்துக்குள் போகிற ஒவ்வொரு நாளும் நீ பத்திரமாக வெளியே வந்து வெயிலைப் பார்க்க வேண்டும் என்று காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன். எட்டு மாதத்தில் ஒருநாள் தவறியதில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இதற்குப் பதிலைத் தொலைபேசியில் சொல்லாதே. வரவில்லை என்று நீ சொன்னால், பரவாயில்லை, நல்லது என்று நான் சொல்லிவிடுவேன். நீயும் நம்பிவிடுவாய். வருகிறாயா, இல்லையா என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதி, இருபதாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பு.

உன் அம்மா